ஷ்ரப்னெல்: உடலில் தங்கிய துண்டும் அதற்கு வந்த பெயரும்

வடபகுதி வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் நோயாளரின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டும்போது ஆங்கிலச் சொல் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். அதனை "ஷ்ரப்னெல்" என்று வாசிக்க வேண்டும். தாயையோ தந்தையையோ அழைத்துவரும் பிள்ளைகள் சிலர் அச்சொல்லைச் சுட்டிக்காட்டி, "இது என்ன நோய்?" என்று கேட்பதுண்டு. அது நோயின் பெயர் அன்று. வெடித்துச் சிதறிய எறிகணையின் துண்டு உடலினுள் இருக்கிறது என்பதே அக்குறிப்பின் பொருள். நம்மவர் பேச்சில் "ஷெல் துண்டு", "ஷெல் பீஸ்" என்று வழங்குவதும் அதுவே.

2009இல் போர் முடிவடைந்தது. ஆயினும், அக்காலத்தில் உடலினுள் புகுந்த துண்டுகள் பலரிடத்தில் இன்றும் இருக்கின்றன. சிலருக்கு அவை எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. சிலர் தம் உடலில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டனர். குழந்தைப் பருவத்தில் காயமடைந்தவர்கள் அதனை ஒருபோதும் அறியாமலும் இருக்கலாம். இந்த மறதியே சில வேளைகளில் ஆபத்தாக முடிகிறது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றையும், அதைத் தம் குறிப்பேட்டில் கொண்டிருப்போர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே தருகிறோம்.

ஒரு மனிதரின் பெயர்

ஹென்றி ஷ்ரப்னெல் என்பவர் 1761ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்ற்சயர் மாவட்டத்திலுள்ள பிராட்போர்ட்-ஒன்-ஏவன் என்னும் ஊரில் பிறந்தவர். 1779இல் பிரித்தானியப் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அக்காலத்துப் பீரங்கிகளில் இருவகைக் குண்டுகள் பெரிதும் பயன்பட்டன. ஒன்று, திண்ணிய இரும்புருண்டை. அது நெடுந்தூரம் சென்றாலும் தான் விழும் இடத்தில் உள்ளவரை மட்டுமே தாக்கும். மற்றது, சிறு உருண்டைகள் நிரப்பிய தகரப் பேணி. அது பீரங்கியின் வாயை விட்டு வெளிப்பட்டவுடனேயே பிளந்து உருண்டைகளைச் சிதறடிக்கும். அருகில் நிற்கும் பலரை அது வீழ்த்தும். தொலைவில் நிற்பவரை எட்டாது.

இவ்விரண்டின் இயல்பையும் ஒன்றாக்க ஷ்ரப்னெல் முயன்றார். உள்ளீடற்ற இரும்புக் கோளம் ஒன்றினுள் துப்பாக்கி உருண்டைகளை நிரப்பினார். அவற்றுடன் சிறிதளவு வெடிமருந்தும் இட்டு, குறித்த நேரத்தில் அதைப் பற்றவைக்கும் திரியைப் பொருத்தினார். கோளம் நெடுந்தூரம் பறந்து சென்று, எதிரிப் படைக்கு முன்னால் வானிலேயே பிளக்கும். உள்ளிருக்கும் உருண்டைகள் அதே வேகத்துடன் முன்னோக்கிப் பாய்ந்து பரவும். வெடிமருந்தின் வேலை கோளத்தைத் திறந்துவிடுவது மட்டுமே. காயம் விளைவிப்பவை உள்ளே நிரப்பிய உருண்டைகள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

1787இல் ஜிப்ரால்டரில் இக்குண்டு செய்துகாட்டப்பட்டது. பிரித்தானியப் படை அதை ஏற்றுக்கொண்டது 1803இல். அடுத்த ஆண்டே, தென்னமெரிக்காவின் சுரினாமில் ஒல்லாந்தருக்கு எதிராக அது முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. 1814இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண் உதவித்தொகை வழங்கியது. 1842இல் அவர் காலமானார். அவர் உயிருடன் இருந்தவரை அக்குண்டுக்கு உத்தியோகபூர்வமாக வேறு பெயரே வழங்கியது. 1852இல்தான் "ஷ்ரப்னெல் ஷெல்" என்னும் பெயர் முறைப்படி ஏற்கப்பட்டது.

பொருள் மாறியது, பெயர் மாறவில்லை

முதலாம் உலகப்போர் 1914இல் தொடங்கியபோது ஷ்ரப்னெல் குண்டே களப்பீரங்கிகளின் முதன்மை ஆயுதமாக இருந்தது. பிரித்தானியரின் 18 இறாத்தல் பீரங்கிக் குண்டு ஒன்றினுள் ஏறத்தாழ 375 ஈய உருண்டைகள் இருந்தன. அவை உறுதியாக இருப்பதற்காக ஈயத்துடன் அந்திமனியும் கலக்கப்பட்டிருந்தது. ஆனால் வீரர்கள் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியதும் வானிலிருந்து பாயும் உருண்டைகளால் பயன் குறைந்தது. மண்ணையும் அரண்களையும் தகர்க்கவல்ல உயர்வெடிமருந்துக் குண்டுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

இப்புதிய குண்டுகளினுள் உருண்டைகள் இல்லை. உள்ளே இருப்பது கடும் வெடிமருந்து மட்டுமே. அது வெடிக்கும்போது குண்டின் உருக்கு உறையே நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்து எத்திசையும் பறக்கிறது. துண்டுகள் ஒழுங்கற்ற வடிவமும் கூரிய விளிம்பும் உடையவை. கடலைப் பருப்பளவிலும் இருக்கும், உள்ளங்கையளவிலும் இருக்கும். மணல் போன்ற துகளாகவும் இருக்கும். படைத்துறையினர் இவற்றை "சிதறுதுண்டு" என்ற பொருளுடைய வேறு சொல்லாற் குறிப்பிடுகின்றனர். ஷ்ரப்னெல் என்று அழைப்பது கண்டிப்பான பொருளில் தவறு என்றே அவர்கள் கூறுவர்.

பொதுமக்களோ அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப்போரில், 1940இல் இலண்டன் நகர் மீது குண்டுமழை பொழிந்தபோது, காலையில் தெருவிற் கிடந்த உலோகத் துண்டுகளைச் சிறுவர்கள் பொறுக்கிச் சேர்த்தனர். அவற்றை அவர்கள் ஷ்ரப்னெல் என்றே அழைத்தனர். இன்று எறிகணை, கைக்குண்டு, கண்ணிவெடி, விமானக் குண்டு ஆகிய எதிலிருந்து வந்த துண்டாயினும் மருத்துவக் குறிப்பில் அச்சொல்லே எழுதப்படுகிறது. ஷ்ரப்னெல் ஆக்கிய குண்டு வழக்கொழிந்துவிட்டது; அவருடைய பெயர் மட்டும் நம் குறிப்பேடுகளில் நிலைத்துவிட்டது.

ஒரு சொல், பல உலோகங்கள்

இவ்வரலாற்றை நோயாளர் ஏன் அறிய வேண்டும்? இச்சொல், துண்டு எவ்வாறு வந்தது என்பதைக் கூறுகிறதேயன்றி அது எதனால் ஆனது என்பதைக் கூறவில்லை. மருத்துவத்துக்கோ அதுவே முக்கியமான கேள்வி.

ஷ்ரப்னெலின் காலத்து உருண்டை பெரும்பாலும் ஈயம். இக்காலத்து எறிகணைத் துண்டு பெரும்பாலும் உருக்கு. கிளைமோர் வகைக் கண்ணிவெடிகளில் உருக்குக் குண்டுமணிகள் இருக்கும். துப்பாக்கிச் சன்னத்தினுள் பெரும்பாலும் ஈயமும் அதைச் சுற்றிச் செம்பு கலந்த உறையும் காணப்படும். வெடிப்பின் வேகத்தில் கல், கண்ணாடி, மரச்சிராய், துணி ஆகியனவும் காயத்தினுள் புகுந்துவிடும். இவை அனைத்தும் உடலினுள் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

உருக்கைக் காந்தம் இழுக்கும், ஈயத்தை இழுக்காது. ஈயம் சில இடங்களில் மெல்லக் கரைந்து குருதியிற் கலக்கும். கண்ணினுள் தங்கிய இரும்பு ஆண்டுகள் கழித்தும் பார்வையைக் கெடுக்கும். மரமும் துணியும் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் தென்படமாட்டா. எனவே வைத்தியர், "துண்டு இருக்கிறதா?" என்று கேட்பதோடு நில்லாமல், "எங்கே இருக்கிறது? எப்போது பட்டது? எதனால் பட்டது?" என்றும் கேட்கிறார்.

"ஏன் எடுக்காமல் விட்டார்கள்?"

நோயாளரும் உறவினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இடநெருக்கடியிலும் அவசரத்திலும் சிகிச்சை பெற்றவர்களுக்கு, "அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்ற மனக்குறை இருப்பது இயல்பே. ஆனால் துண்டை உள்ளேயே விட்டுவைப்பது பெரும்பாலான வேளைகளில் ஆராய்ந்து எடுக்கப்படும் மருத்துவ முடிவாகும்.

தசையினுள் ஆழமாகத் தங்கிய சிறு துண்டைச் சுற்றி உடல் நார்த்தன்மையான உறையொன்றை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறைக்குள் துண்டு பல்லாண்டுகள் அசையாமல் இருக்கக்கூடும். அதைத் தேடி எடுக்க முயன்றால் நல்ல தசையையும் நரம்பையும் குருதிக்குழாயையும் வெட்ட நேரிடும். துண்டால் வரும் தீங்கைவிடத் தேடலால் வரும் தீங்கு பெரிதாகிவிடும்.

இதற்கு வரலாற்றில் துயரமான சான்று ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 1881 ஜூலை 2ஆம் நாள் துப்பாக்கியாற் சுடப்பட்டார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. சன்னத்தைத் தேடி வைத்தியர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் மீண்டும் மீண்டும் காயத்தினுள் விட்டனர். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தைக் கண்டறியும் கருவியொன்றை இதற்காகவே ஆக்கிக்கொண்டு வந்தார். அதுவும் பயன் தரவில்லை. செப்டெம்பர் 19ஆம் நாள் ஜனாதிபதி இறந்தார். பிரேத பரிசோதனையில், அந்தச் சன்னம் உடல் அமைத்துக்கொண்ட உறைக்குள் அடங்கியிருந்தமை தெரியவந்தது. அவர் உயிரைப் பறித்தது சன்னத்தைவிட அதைத் தேடிய முறையால் ஏற்பட்ட கிருமித்தொற்றே என்பது பிற்கால வைத்தியர் பலரின் கருத்து.

1895இல் றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த பின் தேடல் எளிதாயிற்று. முதலாம் உலகப்போரில் மேரி கியூரி எக்ஸ்-கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனை வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசென்றார். அவருடைய மகள் ஐரீனும் அப்பணியில் உடனிருந்தார். வெட்டித் தேடாமலே துண்டு இருக்கும் இடத்தை அறிய முடிந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்யவும் வழி பிறந்தது.

எப்போது எடுக்கப்படும்?

பின்வரும் நிலைகளில் துண்டை அகற்றுவது பற்றி வைத்தியர் ஆலோசிப்பார்:

• துண்டு மூட்டினுள் இருந்தால். அது மூட்டின் வழுவழுப்பான பரப்பைத் தேய்க்கும். ஈயமாயின் மூட்டுத் திரவத்திற் கரையும்.

• கண்ணினுள் இருந்தால்.

• முண்ணாணையோ நரம்பையோ அழுத்தி, உணர்ச்சிக் குறைவும் பலவீனமும் கூடிவந்தால்.

• பெரிய குருதிக்குழாயை ஒட்டி இருந்து அதைச் சேதப்படுத்தக்கூடுமாயின்.

• துண்டைச் சுற்றிச் சீழ் பிடித்தாலோ, ஆறாத புண்வாய் திறந்து நீர் வடிந்தாலோ.

• குருதியில் ஈயத்தின் அளவு உயர்ந்தால்.

• தோலுக்கு அருகே வந்து, உட்காரும்போதும் படுக்கும்போதும் உறுத்தினால்.

சில துண்டுகள் ஆண்டுகள் பல கழிந்தபின் மெல்ல மெல்லத் தோலை நோக்கி நகர்ந்துவருவதுண்டு. அவற்றை வீட்டில் ஊசியாலோ அலகாலோ கிளறி எடுக்க வேண்டாம். வைத்தியசாலையில் சிறு மரப்பூசியுடன் பாதுகாப்பாக எடுத்துவிடலாம்.

மறக்கக்கூடாத ஒரு கேள்வி

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பதற்கு முன் நோயாளரிடம் ஒரு படிவம் கொடுக்கப்படும். "உங்கள் உடலில் உலோகம் எதுவும் உண்டா?" என்பது அதிலுள்ள கேள்விகளுள் ஒன்று. அவசரத்தில் பலர் "இல்லை" என்று குறித்துவிடுகின்றனர். பற்களையும் நகைகளையும் பற்றியே கேட்கிறார்கள் என்று எண்ணுவோரும் உளர். படிவத்தை நிரப்பும் மகனுக்கோ மகளுக்கோ, தாயின் தொடையிலுள்ள பழைய தழும்பின் கதை தெரியாமலும் இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. உருக்குத் துண்டு அதில் இழுபடவோ திரும்பவோ சூடேறவோ கூடும். கண், மூளை, முண்ணாண், பெரிய குருதிக்குழாய் ஆகியவற்றின் அருகே சிறு அசைவும் பெருந்தீங்காகும். கண்ணினுள் இருந்ததை எவரும் அறியாத உலோகத் துகள் ஒன்று எம்.ஆர்.ஐ.யின்போது அசைந்து, கண்ணுக்குள் குருதி கசியச் செய்த நிகழ்வு 1986இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. ஐயம் உள்ளவர்களுக்கு முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது அதனாலேயே.

"உண்டு" என்று சொன்னால் ஸ்கான் மறுக்கப்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தசையினுள் நெடுங்காலம் உறைபட்டுத் தங்கிய துண்டு உள்ளவர்கள் பலருக்கு, இடத்தையும் தன்மையையும் ஆராய்ந்தபின் ஸ்கான் பாதுகாப்பாக எடுக்கப்படுகிறது. இயலாதவிடத்து சி.ரி. ஸ்கான் போன்ற வேறு வழிகள் உள்ளன. அந்த முடிவை எடுக்க வைத்தியருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காயத்தைப் பற்றிக் கூறினால் எங்கே இருந்தீர்கள், யாருடன் இருந்தீர்கள் என்ற விசாரணை வருமோ என்னும் தயக்கம் சிலர் மனத்தில் இன்றும் உண்டு. மருத்துவத்துக்கு அக்கேள்விகள் தேவையில்லை. துண்டு எங்கே இருக்கிறது, எப்போது பட்டது, எவ்வகை வெடியால் பட்டது என்பவையே போதும்.

ஈயம் பற்றி ஓர் எச்சரிக்கை

துப்பாக்கிச் சன்னமோ ஈய உருண்டையோ உடலில் உள்ளவர்கள், குறிப்பாக மூட்டுக்கு அருகில் உள்ளவர்கள், சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். காரணம் தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், தொடர்ந்த சோர்வு, தலைவலி, குருதிச்சோகை, கைகால் விறைப்பு ஆகியன அவை. இவற்றுக்கு வேறு பல காரணங்களும் இருக்கக்கூடும். ஆனால் துண்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஈயத்தை எவரும் நினைத்துப்பார்க்க மாட்டார்கள். குருதிப் பரிசோதனை ஒன்றால் இதை அறியலாம்.

ஈயம் எலும்பிற் சேர்ந்து தங்கும் இயல்புடையது. கர்ப்பகாலத்தில் அது எலும்பிலிருந்து வெளிப்பட்டுக் கருவிலுள்ள குழந்தையையும் சென்றடையும். எனவே உடலில் துண்டு உள்ள பெண்கள் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கின் முதல் வருகையிலேயே அதைத் தெரிவிக்க வேண்டும்.

புதிய காயம் ஏற்பட்டால்

காட்டிலோ வயலிலோ கைவிடப்பட்ட வெடிபொருளாற் காயம் ஏற்பட்டால், காயத்தில் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்க வேண்டாம். அது குருதிப்பெருக்கை அடைத்து நிற்கக்கூடும். துண்டின் இருபுறமும் சுத்தமான துணியால் அழுத்தி, அசையாமல் கட்டி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவருக. கண்ணிற் பட்டிருந்தால் கண்ணை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. "சூடான துண்டு கிருமிகளைக் கொன்றுவிடும்" என்பது தவறான நம்பிக்கை. துண்டு மண்ணையும் துணியையும் தன்னுடன் உள்ளே கொண்டுசெல்கிறது. ஆகவே ஏற்பு ஊசியும் முறையாகக் காயத்தைச் சுத்தம் செய்தலும் இன்றியமையாதன.

நீங்கள் செய்யக்கூடியவை

பழைய எக்ஸ்-கதிர்ப் படங்களையும் குறிப்பேடுகளையும் எறிந்துவிடாதீர்கள். முன்னைய படத்துடன் ஒப்பிட்டால்தான் துண்டு நகர்ந்திருக்கிறதா என்பது தெரியும். துண்டு இருக்கும் இடத்தையும் காயமடைந்த ஆண்டையும் ஒரு தாளில் எழுதி, கிளினிக் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கருவி ஒலித்தால் காட்டுவதற்கு வைத்தியரிடம் ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளலாம். துண்டு உள்ள இடத்தில் புதிதாக வலி, வீக்கம், சிவப்பு, காய்ச்சல், விறைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்காமல் வாருங்கள்.

வீட்டிலுள்ள இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவிடமும் அப்பாவிடமும், அம்மம்மா, தாத்தாவிடமும் ஒருமுறை அமைதியாக இருந்து கேளுங்கள்: எந்த இடத்திற் காயம் பட்டது, துண்டு எடுக்கப்பட்டதா, இன்னும் உள்ளே இருக்கிறதா என்று. அவர்கள் பேச விரும்பாத பகுதிகள் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். துண்டு இருக்கும் இடத்தை மட்டும் கேட்டு எழுதிவையுங்கள். என்றேனும் ஒருநாள் அவர்கள் பேச முடியாத நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்களே.